குத்தும் கணக்கும்

பேட்டையில் நான் குடியிருக்கும் தெருவின் கோடியில் ஒரு சிலம்ப வாத்தியார் இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். ஆனாலும் கம்பைக் கையில் எடுத்துவிட்டால் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். மாலை வேளையில் அவர் வீட்டுக் கொல்லையில் ஏழெட்டுப் பையன்கள் கம்பு சுழற்றுவார்கள். போட்டி என்று வந்துவிட்டால் வாத்தியார் ஒரு காரியம் செய்வார். இரண்டு கம்புகளின் நுனியிலும் துணியைச் சுற்றி, ஒன்றில் காவியும் மற்றொன்றில் கரியும் குழைத்துத் தடவுவார். பையன்கள் வெள்ளைப் பனியன் போட்டுக்கொண்டு ஆடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டு, பனியனில் விழுந்த பொட்டுகளை ஒவ்வொன்றாக விரல் வைத்து எண்ணுவார். நெற்றியிலே பொட்டு விழுந்திருந்தால் எண்ண வேண்டிய சிரமமும் இல்லை. வைத்தவன் ஜெயித்தான்; வாங்கினவன் முகம் கழுவப் போக வேண்டியதுதான்.

"இத்தனை வருஷத்துல தீர்ப்பு சரியில்லேன்னு ஒரு பய சொன்னதில்லை, அண்ணாச்சி. அவன் பனியனே அவனுக்குச் சாட்சி" என்று பெருமையாகச் சொல்வார்.

அந்த வாத்தியாருக்கே ஒரு நாள் தீர்ப்பு ஒன்று பிடிபடாமல் போயிற்று. 2021-ஆம் வருஷம் ஜூலை மாதம் 29-ஆம் தேதி. ஊரெல்லாம் முகத்தை மூடிக்கொண்டு நடமாடிய காலம். அதற்கு ஒரு வாரம் முன்புதான் 'சார்பட்டா பரம்பரை' என்ற படம் அமேசான் பிரைமில் வெளிவந்திருந்தது. வாத்தியாரின் பேரன் அதை மூன்று தடவை பார்த்துவிட்டு, வீட்டுத் தூணைக் குத்திக் கையை வீங்க வைத்துக்கொண்டிருந்தான். அன்று டோக்கியோ ஒலிம்பிக் பந்தயத்தில் மேரி கோம் சண்டை போடுகிறார் என்று அவன்தான் என்னையும் கூப்பிட்டான். தார்சாவில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம்.

மணிப்பூரிலிருந்து வந்து ஆறு முறை உலகப் பட்டம் வென்ற அந்த அம்மாளுக்கு அப்போது வயது 38. எதிரே கொலம்பியா தேசத்து இன்கிரித் வாலன்சியா. மொத்தம் மூன்று சுற்றுகள். முதல் சுற்றை ஐந்து நீதிபதிகளில் நால்வர் வாலன்சியாவுக்குக் கொடுத்தார்கள். இரண்டாவது சுற்றில் மூவர் மேரி கோமின் பக்கம். மூன்றாவதிலும் மூவர் மேரி கோமின் பக்கம். பேரன் துள்ளிக் குதித்தான். மத்தியஸ்தர் கையை உயர்த்தினார். உயர்ந்த கை வாலன்சியாவினுடையது! தோற்றுவிட்டோம் என்பது மேரி கோமுக்கே உடனே விளங்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

"மூணு ரவுண்டுல ரெண்டை இவ எடுத்திருக்கா. அப்புறம் எப்படித் தோத்தா?" என்று வாத்தியார் என்னைக் கேட்டார்.

நான் காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டேன். சுற்றுக்கு ஐந்து ஓட்டு. மூன்று சுற்றுக்குப் பதினைந்து. வாலன்சியாவுக்கு நாலும் இரண்டும் இரண்டும், ஆக எட்டு. மேரி கோமுக்கு ஒன்றும் மூன்றும் மூன்றும், ஆக ஏழு. ஒவ்வொரு நீதிபதியும் தம்முடைய மூன்று சுற்றுகளைத் தனித்தனியே கூட்டி, யாருக்கு வெற்றி என்று சொல்கிறார். அப்படிக் கூட்டியதில் மூன்று நீதிபதிகள் வாலன்சியாவுக்கும் இருவர் மேரி கோமுக்கும் போயிருந்தார்கள். இரண்டு தொகுதியில் சொற்ப ஓட்டில் ஜெயித்து, ஒரு தொகுதியில் ஏராளமான ஓட்டில் தோற்ற கட்சியின் கதைதான் இது. கணக்கில் பிசகில்லை.

வாத்தியார் காகிதத்தைப் பார்க்கவே இல்லை. "அதெல்லாம் நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். ஆனா அண்ணாச்சி, அடி வாங்குனவங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?" என்றார்.

இந்தக் கேள்வியை அன்றைக்கு நான் சிரித்து ஒதுக்கிவிட்டேன். பிறகு குத்துச்சண்டையின் பழைய கதைகளைப் புரட்டப் புரட்ட, அது அப்படி ஒதுக்கத் தக்க கேள்வி அல்ல என்று தெரிய வந்தது. குத்துக்குக் கணக்கு எழுதுவது எப்படி என்று மனிதர்கள் நூற்றைம்பது வருஷங்களாகச் சண்டை போட்டு வருகிறார்கள். அந்தச் சண்டை வளையத்துக்குள் நடக்கும் சண்டையைவிட நீளமானது.

ஆதியில் கணக்கே கிடையாது. இங்கிலாந்தில் வெறுங்கையால் குத்திக்கொண்ட காலத்தில், 1743-ஆம் ஆண்டு ஜாக் பிராட்டன் என்பவர் முதல் விதிகளை எழுதினார். விழுந்தவன் அரை நிமிஷத்துக்குள் எழுந்து வந்து நடுவில் நிற்க வேண்டும். நிற்க முடியாவிட்டால் தோற்றான். சண்டை எத்தனை மணி நேரம் நடந்தாலும் நடக்கட்டும். அங்கே யார் அதிகம் குத்தினான் என்று யாரும் கேட்கவில்லை. யார் நிற்கிறான் என்பது ஒன்றுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஒரு குழந்தைகூடப் போதும். ஆனால் அந்தத் தெளிவுக்கு மனித உடம்பு கொடுத்த விலை கொஞ்சமல்ல.

1867-இல் குவீன்ஸ்பெரி பிரபுவின் பெயரால் புது விதிகள் வந்தன. எழுதியவர் ஜான் கிரஹாம் சேம்பர்ஸ் என்ற வேறொருவர். பெயர் மட்டும் பிரபுவினுடையது. கையுறை வந்தது, மூன்று நிமிஷச் சுற்று வந்தது, விழுந்தவனுக்குப் பத்து எண்ணும் வழக்கம் வந்தது. நாளடைவில் இத்தனை சுற்றோடு சண்டை முடிய வேண்டும் என்ற வரம்பும் வந்தது. இவை எல்லாம் இரக்கத்தால் வந்த மாறுதல்கள்தாம். ஆனால் அவற்றோடு யாரும் எதிர்பாராத ஒரு சங்கடமும் உடன் வந்தது. மணி அடிக்கும்போது இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தால் யார் ஜெயித்தவர்?

இங்கிலாந்துக்காரர்கள் அந்தப் பொறுப்பை வளையத்துக்குள் நிற்கும் மத்தியஸ்தர் ஒருவரிடமே விட்டார்கள். ஒரே மனிதர், ஒரே கணக்கு. அந்தக் கணக்கில் கால் புள்ளி, அரைப் புள்ளியெல்லாம் உண்டு. 1971-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெம்பிளியில் ஹென்றி கூப்பர், ஜோ பக்னர் என்ற இருவர் பதினைந்து சுற்றுகள் மோதினார்கள். கூப்பர் அந்த நாட்டு மக்களின் செல்லப்பிள்ளை. ஹாரி கிப்ஸ் என்ற மத்தியஸ்தர் முடிவில் போட்ட கணக்கு பக்னருக்கு எழுபத்து மூன்றே முக்கால், கூப்பருக்கு எழுபத்து மூன்றரை. கால் புள்ளியில் மனிதருடைய பட்டங்கள் அத்தனையும் போயின. அதன்பின் கூப்பர் மறுபடி வளையத்தில் ஏறவில்லை. கால், அரை, முக்கால் என்று வாய்ப்பாடு படித்து வளர்ந்த நம்மவர்களுக்கு அந்தக் கால் எவ்வளவு சிறிய கால் என்று தெரியும்.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் வேடிக்கை. நியூயார்க் மாகாணத்தில் 1911 முதல் 1917 வரை இருந்த சட்டம் குத்துச்சண்டையை அனுமதித்தது. தீர்ப்புச் சொல்வதை மட்டும் அனுமதிக்கவில்லை! தீர்ப்பு இருந்தால் பந்தயம் கட்டுவார்கள், பந்தயம் இருந்தால் மோசடி நடக்கும் என்ற நல்லெண்ணம். ஒருவன் படுத்துவிட்டால் சரி. இல்லாவிட்டால் மணி அடித்ததும் எல்லோரும் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சும்மா போவார்களா? மறுநாள் காலைப் பத்திரிகையில் நிருபர் யார் பெயரை எழுதுகிறாரோ அவரே ஜெயித்தவர் என்று வைத்துக்கொண்டு பந்தயப் பணத்தைப் பட்டுவாடா செய்தார்கள். அதிகாரமுள்ள நீதிபதியை ஒழித்ததில் அதிகாரமில்லாத நீதிபதி முளைத்தார். பத்திரிகைக்குப் பத்திரிகை தீர்ப்பு மாறும்போது என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 1920-ஆம் ஆண்டில் வேறொரு சட்டம் கொண்டுவந்து, வளையத்துக்கு வெளியே நீதிபதிகளை உட்கார வைத்துத் தீர்ப்புச் சொல்ல வைத்தார்கள்.

அங்கிருந்து வளர்ந்ததுதான் இன்றைய முறை. பணத்துக்காகச் சண்டையிடும் தொழில்முறைக் குத்துச்சண்டையில் மூன்று நீதிபதிகள் மூன்று பக்கத்தில் உட்காருகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் மேலானவருக்குப் பத்துப் புள்ளி, மற்றவருக்கு ஒன்பது, விழுந்து எழுந்திருந்தால் பெரும்பாலும் எட்டு. எதைப் பார்த்து மேலானவர் என்று சொல்வது? நான்கு விஷயங்கள் சொல்லப்படுகின்றன. சுத்தமாக விழுந்த குத்து, பலன் தருகிற முன்னேற்றம், தற்காப்பு, வளையத்தைத் தன் வசத்தில் வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபது லேசான இடக்கைக் குத்து ஒரு பக்கம், முழங்காலை ஆட்டம் காண வைத்த ஒரே ஒரு குத்து மறுபக்கம் என்றால் எது பெரிது? துரத்திக்கொண்டே போனவன் பெரியவனா, துரத்தியவனை எல்லாம் வெறுங்காற்றைக் குத்த வைத்தவன் பெரியவனா? நான்கில் எதற்கு எத்தனை பங்கு என்பதை நீதிபதியின் மனம்தான் தீர்மானிக்க வேண்டும்.

மூன்று மனம் மூன்று விதமாகத் தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதற்கு 1987-ஆம் வருஷம் ஏப்ரல் 6-ஆம் தேதி லாஸ் வேகாஸில் நடந்த சண்டையைச் சொல்வார்கள். மார்வின் ஹாக்லர் முன்னேறிக்கொண்டே இருந்தார். சுகர் ரே லெனார்ட் நழுவி நழுவிப் போய், சுற்று முடியும் தறுவாயில் படபடவென்று அழகாகக் குத்திக் காட்டினார். பன்னிரண்டு சுற்றும் முடிந்தபின் ஒரு நீதிபதி ஹாக்லருக்கு 115, லெனார்டுக்கு 113 என்றார். இன்னொருவர் அதே எண்களைத் திருப்பிப் போட்டு லெனார்டுக்கு 115 என்றார். மூன்றாமவர் லெனார்டுக்கு 118, ஹாக்லருக்கு 110 என்று எழுதியிருந்தார். அதாவது ஒருவர் கண்ணுக்குப் பன்னிரண்டில் ஏழு சுற்று ஹாக்லருடையது. இன்னொருவர் கண்ணுக்கு இரண்டே இரண்டு! வெற்றி லெனார்டுக்குப் போயிற்று. தாம்தான் ஜெயித்தவர் என்று ஹாக்லர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். 2021-இல் அவர் காலமானார். இடைப்பட்ட காலத்தில் ஒரு சண்டைகூடப் போடவில்லை.

அப்படியானால் எண்ணிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அமெரிக்காவில் 1985-இல் 'காம்பியூபாக்ஸ்' என்று ஒரு நிறுவனமே இதற்காகத் தோன்றியது. இருவர் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு வீரனை மட்டும் பார்த்து, வீசிய குத்து எத்தனை, விழுந்த குத்து எத்தனை என்று பொத்தானைத் தட்டுவார்கள். அந்த எண்கள் தொலைக்காட்சி பார்க்கும் ஜனங்களுக்குத்தான். தீர்ப்பில் அவற்றுக்கு இடமில்லை. 1999-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் தேதி நியூயார்க்கில் லெனாக்ஸ் லூயிஸும் இவாண்டர் ஹோலிஃபீல்டும் மோதியபோது, லூயிஸின் குத்துகளில் 348 விழுந்தன, ஹோலிஃபீல்டினுடையவை 130 தான் விழுந்தன என்று பொத்தான் சொல்லிற்று. நீதிபதிகளோ சண்டை சமம் என்றார்கள். 2012-ஆம் ஆண்டு ஜூனில் பிலிப்பைன்ஸ் தேசத்து மேனி பாக்கியோவுக்கு 253 குத்தும், டிமதி பிராட்லிக்கு 159 குத்தும் கணக்காயின. வெற்றி பிராட்லிக்குப் போயிற்று. பட்டம் வழங்கிய சங்கமே ஐந்து நீதிபதிகளை வைத்துப் படத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தது. ஐவரும் பாக்கியோவே ஜெயித்தவர் என்றார்கள். ஆயினும் தீர்ப்பு மாறவில்லை. பாக்கியோ இரண்டு வருஷம் காத்திருந்து, மறுபடி மோதித்தான் வெற்றியை மீட்க வேண்டியிருந்தது.

பொத்தானையே நீதிபதி ஆக்கினால் என்ன? அதையும் செய்து பார்த்தார்கள், ஒலிம்பிக் பந்தயங்களில். செய்யத் தூண்டியது 1988-ஆம் ஆண்டில் நடந்த ஓர் அநியாயம். தென்கொரியாவின் சியோல் நகரில் அக்டோபர் 2-ஆம் தேதி இறுதிச் சண்டை. அமெரிக்கப் பையன் ராய் ஜோன்ஸுக்கு வயது 19. எதிரே உள்ளூர் வீரர் பார்க் சி-ஹன். ஜோன்ஸின் குத்துகள் 86 விழுந்தன, பார்க்கினுடையவை 32 என்று எண்ணியவர்கள் சொன்னார்கள். ஐந்து நீதிபதிகளில் மூவர் பார்க் ஜெயித்ததாக எழுதினார்கள். தங்கம் பார்க்கின் கழுத்தில் ஏறிற்று. அந்த ஒலிம்பிக்கின் மிகச் சிறந்த குத்துச்சண்டை வீரர் என்ற கோப்பையையோ தோற்றுப்போன ஜோன்ஸுக்குக் கொடுத்தார்கள்! இதைவிட ஒரு தீர்ப்பைக் கேலி செய்ய முடியுமா?

அதன்பின் வந்தது இயந்திரம். 1992-ஆம் ஆண்டு பார்சலோனாவில் ஐந்து நீதிபதிகளின் கையிலும் பொத்தான் கொடுத்தார்கள். ஒரு குத்து விழுந்ததும் ஐவரில் மூவராவது ஒரு விநாடிக்குள் அழுத்தினால் ஒரு புள்ளி. இல்லாவிட்டால் அந்தக் குத்து விழாத குத்து. பேட்டை வாத்தியாரின் காவிப் பொட்டுக்கு இதைவிட நெருங்கி வந்த முறை வேறொன்றில்லை. ஆனால் காவி எல்லாக் குத்தையும் சமமாகப் பதிந்துகொள்ளும். மனிதனின் கண்ணும் கட்டைவிரலும் அப்படி அல்ல. முகத்தில் தனியாக விழும் நீண்ட குத்து ஐந்து பேருக்கும் தெரியும். நெருங்கி நின்று விலாவில் மளமளவென்று போடும் நாலைந்து குத்து யாருக்குத் தெரியும்? ஒன்றை அழுத்துவதற்குள் மூன்று போய்விடும். இதை வீரர்கள் சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். உடம்பில் குத்துவது வீண். தூர நின்று முகத்தைத் தொட்டுவிட்டு ஓடுவதே லாபம். பல வருஷங்களில் ஒரு கலையின் நடையே மாறிப்போயிற்று. பரீட்சையில் எதற்கு மார்க்கோ அதைத்தானே பையன் படிப்பான்?

இயந்திரம் வந்தும் வழக்கு ஓயவில்லை; அதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு கிடைத்தது. 2012-இல் லண்டனில் விகாஸ் கிருஷன் அமெரிக்காவின் எரல் ஸ்பென்ஸை 13-க்கு 11 என்று ஜெயித்தார். சில மணி நேரத்துக்குள் அமெரிக்கர்கள் முறையிட்டார்கள். மூன்றாம் சுற்றில் விகாஸ் ஒன்பது தடவை எதிரியைக் கட்டிப் பிடித்தார், இரண்டாம் சுற்றில் பல்லுறையை வேண்டுமென்றே துப்பினார், இவற்றுக்கு மத்தியஸ்தர் நான்கு புள்ளியாவது ஸ்பென்ஸுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று மேல்குழு முடிவு செய்தது. பதினொன்று பதினைந்தாயிற்று. ஜெயித்தவராகப் போன நம் பையன் தோற்றவராக ஆகிவிட்டார். குத்தை எண்ணிய இயந்திரம் எந்தத் தப்பும் செய்யவில்லை. எண்ணப்பட வேண்டியது குத்து மட்டும்தானா என்பதிலே வந்தது வினை.

2013-ஆம் ஆண்டில் இயந்திரத்தை ஒதுக்கிவிட்டு, தொழில்முறையில் இருந்த பத்துப் புள்ளி முறைக்கே திரும்பினார்கள். மறு வருஷமே கொரியாவின் இஞ்சியோன் நகரில் ஆசிய விளையாட்டு. 60 கிலோ அரையிறுதியில் மணிப்பூரின் சரிதா தேவி, கொரியாவின் பார்க் ஜி-னாவை எதிர்த்தார். சரிதா ஜெயித்துவிட்டார் என்று பார்த்தவர்கள் பலரும் நினைத்தார்கள். மூன்று நீதிபதிகளும் பார்க்குக்குக் கொடுத்தார்கள். முறையீடு செய்தார்கள். நீதிபதிகளின் தீர்ப்பை எதிர்த்து முறையிட விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. மறுநாள் பதக்கம் வழங்கும் மேடையில் சரிதா அழுதுகொண்டே நின்றார். வெண்கலப் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொள்ள மறுத்து, அதைப் பார்க் ஜி-னாவிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அதற்காக அவருக்கு ஒரு வருஷம் தடையும் ஆயிரம் சுவிஸ் பிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன.

ரியோவில் 2016-இல் மறுபடியும் கூக்குரல். அங்கே பணியாற்றிய மத்தியஸ்தர்களும் நீதிபதிகளுமாக 36 பேரில் ஒருவரைக்கூட டோக்கியோவுக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை. சண்டை முடிவுகளை விலைக்கு வாங்கும் ஏற்பாடு ரியோ காலத்தில் இருந்தது என்று 2021-இல் விசாரணை அறிக்கை சொல்லிற்று. குத்துச்சண்டையை நடத்திவந்த சர்வதேச சங்கத்துக்கு அளித்திருந்த அங்கீகாரத்தை ஒலிம்பிக் கமிட்டி 2023-இல் அடியோடு நீக்கிவிட்டது.

இவற்றையெல்லாம் படித்து முடித்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. ஒருவரை நம்பினார்கள், கால் புள்ளியில் ஊரே அழுதது. யாரையும் நம்பாமல் இருந்து பார்த்தார்கள். பத்திரிகை நிருபர் நீதிபதி ஆனார். மூவரை நம்பினார்கள், மூன்று சண்டைகள் நடந்ததுபோல் மூன்று கணக்கு வந்தது. இயந்திரத்தை நம்பினார்கள், குத்தே மாறிவிட்டது. ஒவ்வொரு மருந்தும் ஒரு நோயைத் தீர்த்து இன்னொன்றைக் கொண்டுவந்தது. காரணம், குத்துக்கு எண்ணிக்கையும் உண்டு, எடையும் உண்டு. எண்ணிக்கையை இயந்திரம் சொல்லும்; எடையை மனிதன்தான் சொல்ல வேண்டும்.

எடைக்கே எல்லா மதிப்பும் என்று வைத்துவிடலாம் என்பாரும் உண்டு. யார் அதிகம் நோக வைத்தானோ அவனே ஜெயித்தவன் என்பது அவர்கள் கட்சி. எனக்கு அந்தக் கட்சியைக் கண்டால் பயம். 1982-ஆம் ஆண்டு நவம்பரில் கிம் டுக்-கூ என்ற கொரிய இளைஞர் லாஸ் வேகாஸில் ரே மான்சினியுடன் பதினான்காவது சுற்று வரை தாக்குப்பிடித்து விழுந்தார். சில நாளில் உயிர் போயிற்று. அதன் பிறகுதான் பதினைந்து சுற்று பன்னிரண்டாகக் குறைந்தது. நோவுக்குக் கூலி உயர உயர, நோக வைப்பவர்களும் பெருகுவார்கள். கணக்கு எழுதுகிறவன் கையில் ஒரு பென்சில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பென்சில் எதை எழுதுமோ அதற்காகத்தான் அடுத்த தலைமுறைப் பையன் கையை ஓங்கப் பழகுகிறான்.

நம் சென்னைப் பட்டணத்திலும் இந்தக் கலை வேரூன்றியிருந்தது. வடசென்னையில் சார்பட்டா என்றும் இடியப்பன் என்றும் பரம்பரை பரம்பரையாகப் பிரிந்து நின்று மோதினார்கள். ஒரு கை உயர்ந்தால் ஒரு பேட்டை முழுவதும் நிமிரும். இன்னொரு பேட்டை தலை குனியும். அங்கெல்லாம் தீர்ப்பு என்பது இருவர் விவகாரம் அல்ல. 1980-இல் முகம்மது அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டார். கூட்டம் அலைமோதிற்று. அதில் புள்ளியும் இல்லை, தீர்ப்பும் இல்லை. கணக்கில்லாத சண்டையில் எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். ஆனால் வயிற்றுக்காகவும் மானத்துக்காகவும் குத்துகிறவனுக்குக் கணக்கு வேண்டும். அதுவும் நியாயமான கணக்கு வேண்டும்.

இனி வாத்தியாரின் கேள்விக்கு வருகிறேன். அடி வாங்கினவரிடம் யாராவது கேட்டார்களா?

சியோலில் தங்கம் வாங்கிய பார்க் சி-ஹனை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது. மேடையிலேயே அவர் ஜோன்ஸை இடுப்பைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். ஆனால் தூக்கியதால் தீர்ப்பு மாறுமா? கழுத்தில் தங்கத்தோடு ஊரில் வாழ்ந்த அந்த மனிதருக்கு அது எத்தனை கனத்திருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம். ஜோன்ஸ் தொழில்முறைக்குப் போய் உலகப் பட்டங்கள் பல வென்றார். அந்த ஒரு பதக்கம் மட்டும் அவருக்கு இல்லை. 35 வருஷங்கள் கழித்து, 2023-ஆம் ஆண்டு மே மாதம், பார்க் சி-ஹன் கடல் கடந்து அமெரிக்காவில் ஜோன்ஸ் இருக்கும் பென்சகோலாவுக்கே தேடிப் போனார். கூட மகன் இருந்தார். பையிலிருந்து அந்தத் தங்கப் பதக்கத்தை எடுத்து, இது உங்களுடையது என்று ஜோன்ஸின் கையில் கொடுத்தார். ஜோன்ஸ் கண்ணீர் விட்டார். அந்தக் காட்சி 2025-இல் உலகத்துக்குத் தெரிய வந்தது.

ஐந்து நீதிபதிகளும் ஒரு சங்கமும் ஒரு விசாரணையும் செய்யாத காரியத்தை, அடி வாங்கினவர் செய்து முடித்தார். வளையத்துக்குள் நின்றவர்களையே நீதிபதியாக்கிவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். உலகம் அவ்வளவு யோக்கியமானதல்ல. ஆனால் தீர்ப்பு எழுதுகிறவர், அடி வாங்கினவர் எதிரே நின்று, இந்தச் சுற்றை இதனால் இவருக்குக் கொடுத்தேன் என்று தலை நிமிர்ந்து சொல்லக் கூடியதாக அது இருக்க வேண்டும். முறையீட்டுக்கு இடமில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு எழுதும் எந்தக் கணக்கும், காகிதத்தில் எவ்வளவு சரியாகக் கூட்டியிருந்தாலும், சரியான கணக்கு ஆகாது.

அந்தக் காட்சியை வாத்தியார் வீட்டுக்குப் போய் அவருக்குப் போட்டுக் காட்டினேன். பாஷை புரியாவிட்டாலும் முழுவதையும் பார்த்தார். முடிந்ததும் நெடுநேரம் பேசவில்லை. கொல்லையில் பையன்கள் அன்றைய போட்டியை முடித்துவிட்டு, பனியனைக் காட்டுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

வாத்தியார் எழுந்து போனார். வழக்கம்போல் பொட்டை எண்ணப்போகிறார் என்று நினைத்தேன். அவர் இரண்டு பையன்களையும் எதிரெதிரே நிறுத்தி, "ஏலே, நீங்களே சொல்லுங்க. யாருக்கு எத்தனை பட்டுது?" என்று கேட்டார்.

சின்னவன் கொஞ்சம் தயங்கினான். பிறகு குனிந்து தன் பனியனைப் பார்க்காமலே, "எனக்கு நாலு பட்டுது, வாத்தியாரே" என்றான்.

வாத்தியார் எண்ணிப் பார்த்தார். பனியனில் மூன்று பொட்டுதான் இருந்தது. நாலாவது, வியர்வையில் அழிந்திருந்தது.